வேட்டைக்குக் கிளம்புறதுன்னா என்ன?

ஸ்ரீரங்கத்துப் பெருமாளும் வருஷத்துக்கு ஒருநாள் வேட்டைக்குப் போறார். விஜயதசமி அன்னைக்கு நம்பெருமாள் கிளம்பி, திருவானைக்கோயில் போற வழியில இருக்கிற காட்டழகிய சிங்கர் கோயிலுக்கு வருவார். அங்கே அம்பு போடுற சடங்கு நடக்கும். இதுக்குப் பாரிவேட்டைன்னு பேர். ஒரு உயிரும் சாகாத வேட்டை. ஆனா ஒரு வேட்டைக்கு வேண்டிய ஏற்பாடு பூரா அதில் உண்டு: நாள் குறிக்கணும், ஆள் சேரணும், ஆயுதம் எடுக்கணும், ஊர் எல்லையைத் தாண்டிக் காட்டுக்குப் போகணும், திரும்பி வரணும்.

திருச்சிப் பக்கம் மான் வேட்டைக்குன்னு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அதைப் பத்தி எழுதுங்கன்னு நகரத்து நண்பர்கள் ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. எங்க ஊர் உப்பிலியபுரம் வட்டாரம். மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை, நடுவில் நாங்க. அதனால இது எங்களுக்குப் பழங்கதை மட்டும் இல்லை. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இன்னைக்கு மான் வேட்டை குற்றம். அது குற்றமாகவே இருக்கணும்னு நினைக்கிறவன் நான். இங்கே நான் எழுதப் போறது சுடுறதைப் பத்தி இல்லை, கிளம்புறதைப் பத்தி. வேட்டையில முக்கால்வாசி வேலை கிளம்புறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும்.

காடாக இருந்த ஊர்

இப்போ ஸ்ரீரங்கத்துல நின்னு பார்த்தா அடுக்குமாடி வீடும் பஸ்ஸும்தான் தெரியும். ஆனா அந்த ஊரோட பழங்கதைகள் எல்லாம் காட்டுலதான் நடக்குது. மணலுக்குள்ள மறைஞ்சு போன ரங்கநாதர் விமானத்தைக் கண்டுபிடிச்சது வேட்டைக்கு வந்த ஒரு சோழ ராஜான்னு கோயில் ஐதீகம். மரத்தடியில களைப்பாற உட்கார்ந்தவர் காதுல ஒரு கிளி சொன்ன சுலோகம் விழுந்ததாம். அவருக்குக் கிளிச்சோழன்னே பேர். கோயிலுக்குள்ள கிளி மண்டபமும் இருக்கு. காட்டழகிய சிங்கர் கதையும் அப்படித்தான். அந்த இடம் காடாக இருந்தப்போ யானைகள் வந்து பக்தர்களுக்குத் தொல்லை கொடுத்ததால காவலுக்கு நரசிம்மரை எழுந்தருளப் பண்ணினாங்கன்னு சொல்லுவாங்க. பிள்ளை லோகாச்சாரியார் அங்கேதான் உட்கார்ந்து தன் நூல்களை எழுதினார்ங்கறது வைணவ மரபு.

இன்னும் பழசாப் போனா, கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் அவனோட வேட்டையைப் பாடியிருக்கார். விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைச்சு, மானை உருட்டி, பன்றியைச் சாய்ச்சு, கடைசியில புத்துல இருந்த உடும்புல போய்த் தைச்சு நின்னதாம். கணக்குப் பார்த்தா நம்ப முடியாதுதான். ஆனா அந்த வரிசையைக் கவனிங்க. எங்க மலையில எந்தெந்த மிருகம் இருந்ததுன்னு அது ஒரு பட்டியல். யானையும் புலியும் கொல்லிமலையில இன்னைக்கு இல்லை. ஆடி 18-க்கு மலை மேல ஓரிக்கு விழா மட்டும் நடக்குது.

மலைக்குக் கிளம்புறது

பச்சைமலை உயரமான மலை இல்லை. ஆனா ஏறிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது சுலபமான மலையும் இல்லை. அடிவாரத்துல முள்காடு, நடுவில் உருட்டுக் கல்லும் வழுக்குப் பாறையும், மேலே போனா வண்ணாடு, தென்புறநாடு, கோம்பைநாடுன்னு நாடு நாடாகப் பிரிஞ்சு கிடக்கிற ஊர்கள். அங்கே வாழ்கிற மலையாளிகள் (கேரளத்துக்காரங்க இல்லை, மலையை ஆள்கிறவங்க) காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேரோட வம்சம்னு தங்களைச் சொல்லிக்குவாங்க. ஒருத்தர் சேர்வராயன் மலைக்கும், ஒருத்தர் கொல்லிமலைக்கும், ஒருத்தர் பச்சைமலைக்கும் போனதாகக் கதை.

அந்தக் காலத்துல மலையில வேட்டைக்குப் போறதுன்னா எப்படிங்கறதை நான் சின்ன வயசுல பெரியவங்க வாயால கேட்டிருக்கேன். அவங்க பேச்சுல ஆயுதம் கடைசியாத்தான் வரும். முதல்ல வர்றது காத்து. மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் கூர்மை. காத்து நம்ம முதுகுப் பக்கத்துலேர்ந்து அடிச்சா, நாம போறதுக்கு முன்னாடியே நம்ம வாசனை போய்ச் சேர்ந்துடும். அதனால ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்துட்டுத்தான் எந்தப் பக்கமா ஏறுறதுன்னு முடிவு பண்ணுவாங்க. முதல் நாளே ரெண்டு பேர் போய்த் தடம் பார்த்துட்டு வருவாங்க. குளம்படி புதுசா பழசா, புழுக்கை ஈரமா காய்ஞ்சதா, எந்தச் சுனையில தண்ணி இருக்கு, எந்த மரத்தடியில காய் விழுந்து கிடக்கு. புள்ளிமான் கூட்டமாக வெளியே மேயும், விடியலிலும் அந்தி நேரத்திலும் நடமாடும். கடமான் பாறைச் சரிவுல தனியாகவோ ரெண்டு மூணாகவோ ராத்திரியில திரியும். எதைத் தேடிப் போறோம்ங்கறதைப் பொறுத்துக் கிளம்புற நேரமே மாறும்.

அடுத்தது கால். மலைக் கல்லுக்கும் முள்ளுக்கும் தாங்குற தோல் செருப்பு. செருப்பு அறுந்தா ஒருத்தரைத் தூக்கிட்டு வர நாலு பேர் வேணும், அன்னைக்கு வேட்டை அதோட முடிஞ்சது. அப்புறம் சாப்பாடு: கெட்டியான களி உருண்டை, மிளகாய், உப்பு. தண்ணிக்குச் சுரைக்குடுக்கை. இடுப்புல கொடுவாள், கயிறு, நெருப்புப் போட ஏதாவது ஒண்ணு. கயிறு எதுக்குன்னா, இறங்கும்போது. ஏறுறதைவிடச் சுமையோட இறங்குறதுதான் ஆபத்து. மலை தெரிஞ்சவங்க எல்லாரும் இதைச் சொல்லுவாங்க.

நாய்களுக்கு முதல் நாள் சாயங்காலத்துக்கு அப்புறம் சோறு கிடையாது. வயிறு நிறைஞ்ச நாய் மலை ஏறாது. வலை கட்டுற ஆள் தனி, கலைக்கிற ஆள் தனி. மான் இறங்கி ஓடுற சந்துல வலையோட சிலர் சத்தமில்லாம உட்கார்ந்துக்குவாங்க. மத்தவங்க மேலேர்ந்து தப்பு அடிச்சு, கூவிக் கலைச்சு இறக்குவாங்க. இதுல யாராவது ஒருத்தர் இடம் மாறி நின்னாலும் மனுஷன் மேலேயே ஈட்டி பாயும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்ப் பெரியவர் ஒருத்தர் யார் எங்கே நிக்கணும்னு சொல்லி, எல்லாரும் அதைத் திரும்பச் சொல்லணும். பங்கும் அப்பவே பேசி முடிச்சுடுவாங்க. முதல் அடி அடிச்சவருக்கு இவ்வளவு, கலைச்சவங்களுக்கு இவ்வளவு, சாமிக்கு இவ்வளவு, நாய்க்குக்கூட ஒரு பங்கு. கறி கைக்கு வந்த பிறகு பேசினா சண்டை வரும்ங்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இதையெல்லாம் கேட்கிறப்ப எனக்குத் தோணுறது, இது கிட்டத்தட்ட ஒரு சின்னப் படையெடுப்பு. அப்படி நினைச்சது நான் மட்டும் இல்லை, ஆட்சியில இருந்தவங்களும்தான்.

கல்லுல நிக்கிற வேட்டை

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போறவங்க ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே இருக்கிற சேஷராயர் மண்டபத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்க. 16-ஆம் நூற்றாண்டு, விஜயநகர – நாயக்கர் காலத்து வேலை. முன்வரிசைத் தூண்கள்ல குதிரைகள் முன்னங்கால் ரெண்டையும் தூக்கிப் பாயுது. மேலே உட்கார்ந்திருக்கிற வீரன் ஈட்டியை இறக்குறான். கீழே புலி. குதிரையோட காலடியில தரைப்படை ஆட்கள் கத்தியும் கேடயமுமாக நிக்கிறாங்க.

எல்லாரும் குதிரையோட அழகைப் பார்ப்பாங்க. நான் கீழே நிக்கிற ஆட்களைப் பார்ப்பேன். ராஜா வேட்டைன்னு சொன்னாலும் மிருகத்துக்குப் பக்கத்துல முதல்ல போய் நிக்கிறவன் அவன்தான். புலியைக் கலைச்சுக் குதிரைக்காரனோட ஈட்டிக்கு நேரா கொண்டு வந்தது அவன். இன்னொரு விஷயமும் அந்தத் தூண்கள்ல தெரியும். அது வேட்டையா போரான்னு பிரிக்க முடியாது. அதே குதிரை, அதே ஈட்டி, அதே கேடயம். அமைதிக் காலத்துல வேட்டைதான் படைக்குப் பயிற்சி.

வளரியும் 1801-ம்

ரெண்டும் ஒண்ணுங்கறதுதான் பிற்பாடு வினையாப் போச்சு. திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகள்ல வளரின்னு ஒரு ஆயுதம் இருந்தது. மரத்துலயோ இரும்புலயோ செஞ்ச பிறை வடிவத் தடி. ஓடுற மானோட காலைக் குறி வைச்சு வீசினா கால் ஒடிஞ்சு விழும். முயலுக்கும் மானுக்கும் வீசிப் பழகின கை, போர் வந்தப்போ ஆளுக்கும் வீசிச்சு. ஜேம்ஸ் வெல்ஷ்ங்கற கம்பெனிப் படை அதிகாரி 1830-ல் வந்த தன் நினைவுக் குறிப்புகள்ல, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலாகக் கத்துக் கொடுத்தது சின்ன மருதுதான்னு எழுதியிருக்கார். அது சிநேகமாக இருந்த காலம். பிறகு அதே வெல்ஷ் அவருக்கு எதிரான படையில போனார்.

1801 ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருது வெளியிட்ட அறிக்கை, வெள்ளைக்காரனுக்கு எதிராக எல்லாச் சாதிக்காரங்களும் ஆயுதம் எடுக்கணும்னு கூப்பிட்டது. ஒட்டப்பட்ட இடங்கள் ரெண்டு. ஒண்ணு திருச்சிக் கோட்டை. இன்னொண்ணு ஸ்ரீரங்கம் கோயில் மதில். நாலு மாசம் கழிச்சு, அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க. போர் முடிஞ்ச கையோட தென்பாளையங்கள்ல கோட்டைகளை இடிச்சாங்க, ஆயுதம் வைச்சிருக்கத் தடை போட்டாங்க.

ஆயுதத்தைப் பிடுங்கினவங்க மானைக் காப்பாத்தறதுக்காகப் பிடுங்கலை. கலகத்துக்குப் பயந்து பிடுங்கினாங்க. ஆனா ஊர்க்காரனோட வேட்டைக் கருவியும் அதுலேயே போயிடுச்சு. நம்ம பக்கத்துல வேட்டைக்கு வந்த முதல் பெரிய சட்ட அடி இதுதான்னு நான் நினைக்கிறேன்.

துரைமாரின் கூடாரம்

அடுத்த நூறு வருஷத்துல வேட்டை கை மாறிச்சு. 1878 ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டது. 1882 சென்னை வனச் சட்டம் காட்டுக்கு எல்லைக்கல் நட்டு, ஊர்க்காரங்க போக வரக் கட்டுப்பாடு வைச்சது. லைசென்ஸும் அனுமதியும் சுலபமாகக் கிடைச்சது துரைமாருக்கும் ஜமீன்தார்களுக்கும்தான். திருச்சி அப்போ பெரிய கண்டோன்மென்ட் ஊர், பிறகு தென்னிந்திய ரயில்வேக்கும் தலைமையிடம். லீவு கிடைச்சா துப்பாக்கியோட மலைக்குப் போறது அதிகாரிகளுக்குப் பொழுதுபோக்கு.

அவங்க கிளம்புறது வேற மாதிரி. கூடாரம், மடக்குக் கட்டில், சமையல்காரன், மாட்டு வண்டி நிறையத் தகர டப்பாச் சாப்பாடு. ஊதுறதுக்குத் திருச்சிச் சுருட்டு. உறையூர்ச் சுருட்டுக்கு அப்போ உலகம் பூரா பேர். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலயே சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டுன்னு துப்பறிவார் கண்டுபிடிப்பார். இவ்வளவு சாமான் இருந்தும், மலைக்குப் போனா துரை முதல்ல தேடுறது உள்ளூர் ஷிகாரியைத்தான். தடம் பார்க்கிற கண்ணையும் காத்துப் பார்க்கிற கையையும் எந்தக் கடையிலயும் வாங்க முடியாதே. சேஷராயர் மண்டபத்துத் தூண்ல கீழே நிக்கிற அதே ஆள்தான், இப்போ கூலிக்கு.

மிருகங்கள் குறைய ஆரம்பிச்ச பிறகு சட்டம் மறுபடி வந்தது. 1912-ல் வந்த காட்டுப் பறவைகள் மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், வேட்டையாடக் கூடாத காலத்தை அறிவிக்கிற அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. அதுல விவசாயிக்கு ஒரு வழி விட்டிருந்தாங்க. தன் சொத்தைக் காப்பாத்த நல்லெண்ணத்தோட மிருகத்தைக் கொன்னா குத்தம் இல்லை. பயிருக்காகச் சுட்டேன்னு சொல்றவங்க நிறையப் பேர் இருந்த காலம் அது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வெளிமானுக்கு ஆரம்பத்துலேயே முதல் அட்டவணையில இடம். ஆனா சில மிருகங்களை லைசென்ஸ் வாங்கிட்டு வேட்டையாடற வழி அந்தச் சட்டத்துலயும் இருந்தது. பலருக்கு இது தெரியாது. 1991 திருத்தம்தான் அந்த லைசென்ஸையே எடுத்துட்டு முழுசாக் கதவைச் சாத்திச்சு. இதுக்கு நடுவில 1966-ல் திருச்சிக்குப் பக்கத்துலேயே துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. நாட்டுக்கே துப்பாக்கி செய்யற ஊராயிட்டோம். மலையடிவாரத்துல பரண்ல படுக்கிறவன் கையில இருக்கிறது இன்னைக்கும் கவணும் டார்ச் லைட்டும் தகர டப்பாவும்தான்.

மான் இறங்கி வரும்போது

இப்போ விஷயத்துக்கு வரேன். முன்னே மனுஷன் மானைத் தேடி மலைக்குப் போனான். இப்போ மான் எங்களைத் தேடி வருது. 1995-ல் திருச்சியிலேர்ந்து பிரிஞ்ச பெரம்பலூர் மாவட்டத்துல, வெண்பாவூர்க் காட்டுப் பக்கம் போனா விவசாயிகள் சொல்லுவாங்க. கோடையில காட்டுக்குள்ள தண்ணி வத்தினா புள்ளிமான்கள் இறங்கி வயலுக்கு வருது. ரோட்டுல அடிபடுது, நாய்க்கிட்ட மாட்டுது, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணத்துல விழுது. எங்க பக்கமும் கடலைக் கொடி தழைக்கிற நேரத்துல ஒரு ராத்திரியில பாதி வயலை மேய்ஞ்சுட்டுப் போயிடும். மேஞ்சது கொஞ்சம், மிதிச்சது அதிகம்.

சட்டத்துல வழியே இல்லாம இல்லை. நிக்கிற பயிருக்கு ஆபத்தாக இருக்கிற சில விலங்குகள் விஷயத்துல, தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துல உத்தரவு போடலாம். காட்டுப்பன்றிக்கு 2025 தொடக்கத்துல தமிழக அரசு ஒரு முடிவு சொல்லிச்சு. காப்புக்காட்டுலேர்ந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்றிகளை வனத்துறையே சுடலாம்னு. மானுக்கு அப்படி இல்லை. இருக்கணும்னு நான் கேட்கவும் இல்லை.

ஆனா சுடவும் முடியாம, காவலுக்கு ஆளும் கிடைக்காம இருக்கிற இடத்துல ஒரு கள்ள வழி புகுந்துடுச்சு. கம்பத்துலேர்ந்து நேராக கரண்டை இழுத்து வேலிக் கம்பியில விடுறது. 2023 மார்ச்ல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் இப்படி ஒரு வேலியில மூணு யானைகள் செத்துப்போச்சு. ரெண்டு குட்டிகள் மட்டும் மிஞ்சின. அதே வருஷம் தமிழக அரசு மின்வேலிக்குப் பதிவும் விதிகளும் கொண்டு வந்தது. முறையான சோலார் வேலி விட்டு விட்டு உதைக்கும், கொல்லாது. திருட்டுக் கரண்டு கொல்லும். அதுக்கு மான், யானை, ராத்திரி தண்ணி கட்டப் போற பக்கத்து வயல்காரன், எல்லாம் ஒண்ணுதான்.

என்னை உறுத்துறது இதுதான். பழைய வேட்டையில கொலை இருந்தது, அதை நான் மறைக்கலை. ஆனா அதுல ஒரு ஒழுங்கும் இருந்தது. யார் எங்கே நிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். கம்பியைப் போட்டுட்டு வீட்டுல போய்ப் படுக்கிறவனுக்கு அந்தக் கம்பியில என்ன மாட்டப் போகுதுன்னு தெரியாது. அது வேட்டையும் இல்லை, காவலும் இல்லை.

வேட்டை போகட்டும், அதோட தயாரிப்பு மட்டும் மிஞ்சினா போதும்னு நினைக்கிறேன். தடம் தெரிஞ்சா மான் எந்தச் சந்து வழியா இறங்குதுன்னு தெரியும். அந்த இடத்துல மட்டும் வேலியைப் பலமாகப் போட்டா பத்து ஏக்கர் சுத்தணும்னு இல்லை. காத்து தெரிஞ்சா பரணை எந்த மூலையில கட்டணும்னு தெரியும். எந்தச் சுனை எப்போ வத்தும்னு தெரிஞ்சா, காட்டுக்குள்ள தொட்டியில தண்ணி நிரப்பச் சொல்லி வனத்துறைக்கு முன்கூட்டியே மனு கொடுக்கலாம். முறை வைச்சுக் காவல் காத்தா நாலு வீட்டுக்காரங்களும் வாரத்துக்கு ரெண்டு ராத்திரியாவது தூங்கலாம். எங்க ஊர்ல ஏழெட்டுப் பேர் இந்தக் கடலைப் பட்டத்துக்கு அப்படித்தான் முறை போட்டிருக்கோம். தடம் பார்க்கத் தெரிஞ்ச ஒரு பெரியவர் மட்டும் இன்னும் இருக்கார், எழுபதைத் தாண்டிட்டார். சாயங்காலம் அவரோட சேர்ந்து வரப்பைச் சுத்திட்டு வர்றதுக்கு ரெண்டு பையன்களைப் பழக்கிட்டு இருக்கோம்.

அடுத்த விஜயதசமிக்கு ஸ்ரீரங்கம் போனா பாரிவேட்டையைப் பார்த்துட்டு வாங்க. பத்து நிமிஷம் ஒதுக்கி சேஷராயர் மண்டபத்துத் தூணுக்குக் கீழே நிக்கிற ஆளையும் பாருங்க.